பையின் உயரமும் பயணத்தின் நீளமும்: திபிலீசி நகரில் தங்கிப்போகும் இணையர் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

முதுகில் பையோடு நாடு நாடாகச் சுற்றும் இணையர், மூன்று நாள் தங்கலாம் என்று ஓர் ஊருக்கு வருகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஊரில் தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், 'வருகிற செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம்' என்கிறார்கள். எந்தச் செவ்வாய் என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு இங்கிதம் கெட்டவர்கள் பயணியர் விடுதிகளில் இல்லாததால், இச்சிக்கல் ஆராய்வார் இன்றிக் கிடக்கிறது. புறப்படுவதைப் பற்றியும் போய்ச் சேர்வதைப் பற்றியும் பயண நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசும். கிளம்பாமல் இருப்பது என்று வந்தால் மட்டும் வாய் அடைத்துப்போகும். அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக் களம், காகசஸ் மலைக்குத் தெற்கே உள்ள ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலீசி. இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் அழகு அன்று, சட்டம். பிற ஊர்களில் இணையர் கிளம்புவது கடவுச்சீட்டில் குத்திய முத்திரைத் தேதியால். பாங்காக்கில் ஒருவர் மூட்டை கட்டினால், அது அந்நாட்டுக் குடிவரவுத் துறையைப் பற்றி நமக்குச் செய்தி சொல்லுமே ஒழிய, அவர் மனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஜார்ஜியாவோ தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாட்டவரை விசா இல்லாமலே ஓராண்டு முழுக்க இருக்கவிடுகிறது. யாரும் விரட்டாத இடத்தில் மனிதர் தாமாக எப்போது எழுந்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனைக்கூடம் அமையாது. (இந்தியக் கடவுச்சீட்டுக்கு இந்தத் தாராளம் கிடையாது. ஆய்வாளரும் அவர் மனைவியும் விசா எடுத்தே போயினர். மனைவியார் இக்கட்டுரையில் இணை ஆய்வாளர் எனப்படுவார். இப்பட்டத்துக்கு அவர் ஒப்புதல் தரவில்லை.)

தனியே பயணிப்போர் ஒப்பீட்டுக்காக மட்டும் சேர்க்கப்பட்டனர். பிள்ளைகளோடு வருவோர் நீக்கப்பட்டனர். அவர்களைக் கிளப்புவது பள்ளிக்கூடம்.

திணை வகுத்தல்

இவ்விணையர் எத்திணைக்கு உரியர் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். புறப்படும்போது அவர்கள் பாலை. வேலையை விட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, இரு வீட்டாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, இருவராகக் கிளம்புவது உடன்போக்கு அன்றி வேறென்ன? பெற்றோர்க்குச் சொல்லிவிட்டுத்தானே போகிறார்கள் எனின், சொன்னார்களே தவிரக் கேட்கவில்லை என்பதால் உடன்போக்கே என்க.

திபிலீசிக்கு வந்து சேர்ந்த சில நாளில் திணை திரிந்து முல்லை ஆகிறது. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். அற்றேல், முல்லையின் இருத்தலாவது தலைவன் மீளும் வரை தலைவி ஆற்றியிருத்தல் அன்றோ, இங்கே தலைவன் எங்கும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறானே எனின், கூறுதும்: 'கிளம்பலாம்' என்னும் ஒரு சொல்லை மற்றவர் சொல்லட்டும் என இருவரும் ஆற்றியிருத்தலின் இதுவும் இருத்தலே. சங்கத் தலைவி ஒருத்தி தனியாகச் செய்ததை இங்கே இரண்டு பேர் ஒரே அறையில் இருந்து செய்கிறார்கள். ஒரே அறை என்பதால் மருதத்து ஊடலும் விரைவில் வந்து கலக்கும். இதைத் திணை மயக்கம் என்று கொண்டு மேலே செல்வோம்.

கருப்பொருள்களுள் தெய்வம், ஊருக்கு மேலே குன்றில் நிற்கும் 'கார்த்லிஸ் தேதா' என்னும் அன்னை. நகரம் தன் 1500-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய 1958-இல் எழுந்த சிலை. உயரம் 20 மீட்டர். நண்பராய் வருவோர்க்கு இடக்கையில் மதுக் கிண்ணம், பகைவராய் வருவோர்க்கு வலக்கையில் வாள். வந்தவர் போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மூன்றாவது கை இல்லை. சட்டத்திலுள்ள அதே இடைவெளி சிற்பத்திலும் இருப்பது நோக்கத்தக்கது.

விலங்கு, காதில் பிளாஸ்டிக் வில்லை மாட்டிய தெருநாய். தடுப்பூசி போட்டுக் கருத்தடையும் செய்தாயிற்று என்பதற்கு அவ்வில்லை அடையாளம். முதல் வாரத்தில் இணையர் அதைப் படம் எடுக்கின்றனர். மூன்றாம் வாரத்தில் அதற்குப் பெயர் வைக்கின்றனர். இணை ஆய்வாளர் 'மணி' என்று அழைத்த நாயை எதிர் அறை ஜெர்மன் இணையர் வேறு பெயரில் அழைத்தனர். அது எல்லாப் பெயருக்கும் வந்தது.

உணவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கச்சாபுரியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டனர். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆய்வுக்கு உதவுவது ஹின்காலி. கொழுக்கட்டையின் தலையைக் குடுமியாக முறுக்கி முடிந்துவிட்டது போல இருக்கும். உள்ளே இறைச்சியும் கொதிக்கிற சாறும். காளான், உருளைக்கிழங்கு வைத்த சைவ வகைகளும் உண்டு. குடுமியைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தில் சிறிதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்சிவிட்டுப் பிறகு மற்றதைத் தின்ன வேண்டும். முள்கரண்டியால் குத்தினால் சாறு தட்டில் ஓடும். பக்கத்து மேசைக்காரர் நம் வளர்ப்பைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவார். குடுமி மட்டும் மாவு தடித்து வேகாமல் இருப்பதால், அதைத் தின்னாமல் தட்டிலேயே விட்டுவிடுவது வழக்கம். ஆகவே யார் எத்தனை தின்றார் என்பது தட்டில் எழுதி வைத்தாற்போல் இருக்கும். ஊடலுக்கு இத்துணைத் துல்லியமான சான்று வழங்கும் பண்டம் வேறு எந்த நாட்டுச் சமையலிலும் ஆய்வாளர் கண்டதில்லை. 'நான் ஆறுதான் சாப்பிட்டேன்' என்பவரிடம் 'தட்டைப் பாருங்க' என்றால் போதும். தேர்ந்த இணையர் இரண்டு குடுமியைத் துணைவர் தட்டுக்கு நகர்த்துவதையும் ஆய்வாளர் கண்டிருக்கிறார். அப்படி நகர்த்தத் தொடங்கிவிட்டவர்கள் அண்மையில் கிளம்பமாட்டார்கள் என்பது உறுதி.

முன்னோர் நெறி

இவ்வூரில் தங்கிப்போன முதல் ஆள், இதை நிறுவியவராகச் சொல்லப்படும் ஐந்தாம் நூற்றாண்டு அரசர் வாக்தாங் கோர்கசாலியே. வேட்டைக்கு வந்தபோது அவருடைய வல்லூறு ஒரு காட்டுக்கோழியைத் துரத்த, இரண்டும் வெந்நீர் ஊற்றில் விழுந்து வெந்துபோயின என்பது கதை. வேட்டைக்குப் போனவர் வேட்டை முடிந்ததும் வீடு திரும்புவதே உலக வழக்கு. இவர் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓர் ஊரையே கட்டிவிட்டார். அவர் மகன் தாச்சி, பக்கத்திலிருந்த ம்த்ஸ்கேத்தாவை விட்டுத் தலைநகரையே இங்கு மாற்றினார். அந்தக் கந்தக வெந்நீர் இன்றும் அபானோதுபானிப் பகுதிக் குளியலறைகளில் அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்துகொண்டிருக்கிறது. 1829-இல் ருஷ்யக் கவிஞர் புஷ்கின் இங்கே குளித்துவிட்டு வாயாரப் புகழ்ந்தார். அவர் மணம் செய்துகொண்டது 1831-இல் ஆதலால் அவர் சான்று இங்கே செல்லாது.

செல்லும் சான்று ஒன்றுண்டு. அதுவே இவ்வாய்வின் தலைமைச் சான்று. பெர்த்தா கின்ஸ்கி என்னும் நொடித்துப்போன பிரபு குலத்துப் பெண், வியன்னாவில் சுட்னர் குடும்பத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். அந்த வீட்டு மகன் ஆர்த்தர் அவரைவிட ஏழு வயது இளையவர். இருவருக்கும் காதல், வீட்டில் எதிர்ப்பு. பெர்த்தா பாரிசுக்குப் போய் ஆல்பிரட் நோபெல்லிடம் செயலாளராகச் சிறிது காலம் இருந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, 1876 ஜூனில் ஆர்த்தரை ரகசியமாக மணந்தார். இருவரும் ஜார்ஜியாவுக்குக் கிளம்பினர். மிங்ரேலிய இளவரசி எகத்தெரீனே தாதியானி பெர்த்தாவுக்கு வேண்டியவர், வரச்சொல்லி அழைத்திருந்தார். சங்கப் புலவர் எவரும் குறை சொல்ல முடியாத உடன்போக்கு.

திரும்பியது 1885 மே மாதம். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு. அதாவது 450-க்கும் மேற்பட்ட செவ்வாய்க்கிழமைகள்.

இடைப்பட்ட காலத்தில் அவர்கள் செய்ததைக் கவனித்தால் இன்றைய இணையர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பது புலப்படும். குத்தாய்சி நகரில் மூன்று அறை மரவீட்டில் இருந்துகொண்டு மொழியும் இசையும் கற்பித்தனர். ருஷ்ய-துருக்கியப் போர் மூண்டதும் வருமானம் வற்றியது. ஆர்த்தர் போர்ச் செய்திகளை வியன்னா இதழுக்கு எழுதினார். 1882-இல் இளவரசி இறந்தபின் திபிலீசிக்கு வந்தனர். இங்கே ஆர்த்தர் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார்: கணக்கெழுதினார், கட்டட வேலை பார்த்தார், சுவர்த்தாளுக்கு வடிவம் வரைந்தார். பெர்த்தா எழுதிக்கொண்டிருந்தார். சுவர்த்தாளை ஆய்வாளர் தனியே அடிக்கோடிட விரும்புகிறார். அடுத்தவர் வீட்டுச் சுவருக்குப் பூ வரைந்துகொண்டிருப்பவர் நாளைக்குக் கிளம்புகிறவர் அல்லர். பெர்த்தா பின்னாளில் 1905-இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசு பெற்ற முதல் பெண் அவரே. ஊரில் சும்மா தங்கிக் காலத்தைப் போக்குகிறார்களே என்று பையன் வீட்டார் புலம்பும்போது எடுத்துக்காட்ட இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சுன் 1899-இல் மனைவியோடு வந்தார், கிளம்பினார், 1903-இல் பயண நூலையும் வெளியிட்டார். இத்தகையவர்களால் ஆய்வுக்குப் பயனில்லை.

ஜான் ஸ்டைன்பெக்கும் புகைப்படக் கலைஞர் ராபர்ட் காப்பாவும் 1947-இல் சோவியத் நாட்டைச் சுற்றியபோது இங்கும் வந்தனர். அவர்கள் இணையர் அல்லர். எனினும் காப்பா காலையில் குளியலறையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவதில்லை என்று ஸ்டைன்பெக் நூலில் புலம்ப, தம் தரப்பைச் சொல்லக் காப்பாவும் அதே நூலில் சில பக்கம் பிடித்துக்கொண்டார். ஊடலுக்குத் திருமணம் காரணம் என்பது பிழைபட்ட கொள்கை, ஒற்றைக் குளியலறையே காரணம் என்பது இதனால் பெறப்படும்.

களமும் தரவும்

சொலொலாகிப் பகுதியில் பழைய வீடொன்று. நடுவில் முற்றம், சுற்றி மரத்தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து எதிர்த் தாழ்வாரத்துக்குக் கப்பி வைத்து இழுக்கும் துணிக்கொடி. கயிற்றை இழுக்க இழுக்க நம் துணி மெல்ல நகர்ந்துபோய் எதிர்வீட்டார் மூக்குக்கு நேரே நின்று காயும். வீட்டுக்கார அம்மாளை எல்லாரும் பெபியா என்றனர். பாட்டியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவருக்கு ஜார்ஜியமும் ருஷ்யமும் தெரியும். எங்களுக்கு இரண்டும் தெரியாது. வாடகை விவரங்கள் விரலால் பேசப்பட்டன.

முதல் தரவு பையின் உயரம். வந்த அன்று பை கதவோரம் தரையில் நிற்கும், ஜிப் மூடியிருக்கும். சில நாளில் நாற்காலிக்கு ஏறும், வாய் பிளந்திருக்கும். பிறகு கட்டிலுக்கு அடியில். (இது தாழ்தல் அன்றோ எனின், கண்ணுக்கு மறைதலின் உயர்தலே ஆகும்.) இறுதி நிலை பீரோவின் உச்சி. அங்கே போய்விட்ட பையை எடுக்க முக்காலி வேண்டும். முக்காலி சமையலறையில் இருக்கும். அதன்மேல் பெபியா புளிப்புப் பிளம் சட்னிக் குப்பிகளை அடுக்கியிருப்பார். குப்பிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும்போது பயணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். ஜெர்மன் இணையரின் இரு பைகளுள் ஒன்றில் பெபியா வால்நட் கொட்டி வைத்திருந்தார். அவர்களிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர்களுக்கு அது தெரியுமா என்பதும் தெரியவில்லை.

இரண்டாம் தரவு உப்பு. மூன்று நாள் தங்குபவர் உப்பு வாங்குவதில்லை. ஒரு வாரம் தங்குபவர் வீட்டுக்காரரிடம் ஒரு சிட்டிகை கேட்பார். கடையில் போய் ஒரு கிலோ பொட்டலம் வாங்கும் கணத்தில்தான் இணையர் குடியேறுகிறார்கள். குடியுரிமைச் சட்டங்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டன. எங்கள் பொதுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் பாதியும் முக்காலுமாகத் தீர்ந்த உப்புப் பொட்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அனைத்தும் போன இணையர்கள் விட்டுச் சென்றவை. அடியில் இருந்தவை இறுகிக் கல்லாகியிருந்தன, மேலே இருந்தவை பொலபொலவென்று இருந்தன. கீழடியில் குழி தோண்டுவோர் மண்ணடுக்கைப் பார்ப்பது போல ஆய்வாளர் அந்த அடுக்கைப் பார்த்தார். அவற்றுள் ஒன்று சுவானேத்தி உப்பு; மலைநாட்டுக்காரர் உப்போடு பூண்டு, கொத்தமல்லி விதை, துலுக்கச் சாமந்தி இதழ், நீல வெந்தயம் எல்லாம் இடித்துச் சேர்ப்பது. இந்த நீல வெந்தயம் நம் வெந்தயத்துக்குப் பங்காளி. அந்தச் சுவானேத்தி உப்பு தெசெர்தேர் பஜாரில் வாங்கியது. முன்னொரு காலத்தில் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய்கள் ஆயுதத்தை விற்ற சந்தை என்பதால் அந்தப் பெயர். பயணத் திட்டத்தை விட்டு ஓடிவந்தவர்கள் உப்பு வாங்க ஏற்ற இடம்.

பெபியா உப்பு வாங்கிப் பல ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

எங்கள் பொட்டலத்தை வாங்கியவர் இணை ஆய்வாளர். "கால் கிலோ இல்லையாம்" என்பதே அவர் அளித்த விளக்கம். துவரம்பருப்பையும் அவரே கண்டுபிடித்தார். திபிலீசியில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அதற்குக் கடை உண்டு. பருப்பு வந்ததும் 'குக்கர் இல்லாம எப்படி' என்ற கேள்வி வந்தது. குக்கர் பைக்குள் போகாது. அதை வாங்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். வாங்காததற்குக் காரணமானவர் யார் என்பதில் இரு ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சிறு தரவு ஒன்று. சோவியத் காலத்து அடுக்குமாடிகள் பலவற்றில் லிப்டுக்குள் ஓர் உண்டியல் இருக்கும். 20 தெத்ரி போல ஒரு காசு போட்டால்தான் மேலே போகும். புதிதாக வந்தவர் லிப்டுக்குள் நின்று எல்லாப் பையையும் துழாவுவார். வேரூன்றியவர் அந்தக் காசைத் தனியே சட்டைப் பையில் வைத்திருப்பார், துணைவருடைய காசையும் சேர்த்து.

கருதுகோளும் கணக்கும்

இனிக் காரணம். இணையரைக் கேட்டால் ஊரைச் சொல்கிறார்கள். மது என்பர். ஜார்ஜியாவில் எண்ணாயிரம் ஆண்டுக்கு முன்பே திராட்சை மது வடித்ததற்குத் தடயம் உண்டு. மண்ணில் புதைத்த சாடியில் மது ஊறவைக்கும் அவர்கள் முறை 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எல்லாம் மெய். ஆனால் தனியாள் ஒருவரும் அதே மதுவைக் குடித்துவிட்டு வாரத்துக்குள் கிளம்பிப் போகிறார். மலிவு என்பர். தனியாளுக்கும் அது மலிவே. ஆகவே ஊர் காரணம் அன்று.

ஆய்வாளர் முன்வைக்கும் கருதுகோள் வருமாறு. 'போதும், கிளம்பலாம்' என்ற எண்ணம் ஒருவருக்கு ஏழு நாளில் ஒரு நாள் என்ற கணக்கில் வருகிறது என்க. தனியாள் எனில் எண்ணம் வந்த அன்றே பை முதுகில் ஏறும்; சராசரியாக ஏழாம் நாள் அவர் ஊரில் இல்லை. இணையர் எனில் அவ்வெண்ணம் இருவருக்கும் ஒரே நாளில் வந்தாக வேண்டும். ஏழில் ஒன்றை ஏழில் ஒன்றால் பெருக்க, நாற்பத்தொன்பதில் ஒன்று. சராசரித் தங்கல் 49 நாள். மூன்று நாள் திட்டம் ஏழு வாரம் ஆனதற்கு மலையும் மதுவும் காரணம் அல்ல, ஏழாம் வாய்பாடு.

இக்கணக்கில் ஒருவர் எண்ணம் மற்றவரைச் சாராமல் வருவதாகக் கொண்டிருக்கிறோம். இது மணமாகாதவர்கள் வகுத்த கணிதம். நடைமுறையில் ஒருவர் கிளம்பலாமா என்று வாயெடுத்தால் மற்றவர்க்கு அந்தக் கணமே ஊர் பிடித்துப்போகிறது. சான்று, ருஸ்தவேலி மெட்ரோ நிலையத்தில் எடுக்கப்பட்டது. 1966-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ. நகரும் படிக்கட்டு சுமார் 120 மீட்டர் நீளம்; ஏறி நின்றால் அடிவாரம் தெரியாது. ஓர் ஊடல் பிறந்து வளர்ந்து முடிவதற்குத் தேவையான நீளம் அதற்கு உண்டு. இணை ஆய்வாளர் ஒரு படி மேலே, ஆய்வாளர் ஒரு படி கீழே.

"ஏங்க, யெரெவானுக்கு டிக்கெட் பாத்தீங்களா?"

"பாக்கலாம். ஏன், இங்க புடிக்கலையா?"

"புடிக்கலன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல. கேட்டேன்."

"நீங்க கேக்கறதுலயே தெரியுது, உங்களுக்குத்தான் போகணும்னு."

"எனக்கா? நான் இங்கயே கூட இருப்பேன்."

"அப்ப இருங்க. யாரு வேணாம்னா?"

படிக்கட்டு தரையைத் தொட்டபோது இருவரும் திபிலீசியில் தங்குவதற்கு ஆதரவாக வாக்களித்திருந்தனர். கிளம்புவதற்கு ஆதரவாகப் பேச்சைத் தொடங்கியவர் யார் என்பதே தெரியாமல் போயிற்று. இவ்வாறு ஒருவர் விருப்பம் மற்றவர் விருப்பத்தை அடித்துவிடுமாயின் நாற்பத்தொன்பது என்பது குறைந்த அளவே. மேல் எல்லை இல்லை. சுட்னர் தம்பதியின் ஒன்பது ஆண்டு இப்போது வியப்பளிக்காது.

ஊரும் இதற்கு ஒத்தாசை. தீதுபே நிலையத்திலிருந்து மலைப் பக்கம் போகும் மார்ஷ்ருத்கா என்னும் சிறுவண்டிகளில் பல, ஆள் நிரம்பினால்தான் புறப்படும். காலியாக நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும் இணையர், வண்டிக்குள்ளும் இருத்தலே செய்கின்றனர். ஓட்டுநர் வெளியே நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தைப் பார்த்து எவருக்கும் அவசரம் வந்ததில்லை.

புறப்பாடு

எனின் இணையர் எப்படித்தான் கிளம்புகிறார்கள்? மூன்றாமவரால். 1885-இல் சுட்னர் தம்பதி ஊர் திரும்பியது, ஆர்த்தரின் வீட்டார் மனமிரங்கி ஏற்றுக்கொண்ட பிறகு. ஜெர்மன் இணையரைக் கிளப்பியது பெபியாவின் பேரன். ஞாயிற்றுக்கிழமை குத்தாய்சியிலிருந்து வருகிறான், அறை வேண்டும் என்று பெபியா ஒரு கையால் படுக்கையையும் மறு கையால் வாசலையும் காட்டினார். அந்த நேரத்தில் அவ்விருவர் முகத்திலும் படர்ந்த நிம்மதியை ஆய்வாளர் அருகிலிருந்து கண்டார். யாரும் யாரையும் கிளம்பச் சொல்லவில்லை, பழியும் இல்லை. பேரன் என்று ஒருவன் இருக்கிறானா என்பதில் ஆய்வாளருக்கு ஐயம் உண்டு. ஞாயிறு இரவு அந்த அறைக்குள் போனது பேரன் அல்லன். பையோடு வந்த வேறோர் இணையர். பழைய இணையரின் பைக்குள் இருந்த வால்நட் எப்போது வெளியே எடுக்கப்பட்டது என்பதும் அறியக்கூடவில்லை. அவர்கள் வாங்கிய உப்பு அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

ஆய்வாளரும் இணை ஆய்வாளரும் விசாத் தேதியால் வெளியேற்றப்பட்டனர். ஆகவே அவர்கள் தரவு கணக்கில் கொள்ளத்தக்கது அன்று.

வாய்மொழித் தேர்வு

கட்டுரையின் கைப்படி இணை ஆய்வாளரிடம் மேலாய்வுக்குக் கொடுக்கப்பட்டது. திணைப் பகுதியை அவர் படிக்கவில்லை. ஹின்காலிக் குடுமியை நகர்த்தியவர் பெயரைக் குறிப்பிடாதது ஏன் என்று கேட்டார். குக்கர் விஷயத்தில் கருத்து வேறுபாடே கிடையாது, யார் காரணம் என்பது ஊருக்கே தெரியும் என்றார். கணக்குப் பகுதிக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டார்.

"ஏழு நாளுக்கு ஒரு நாள்னு போட்டிருக்கீங்களே, யாரைக் கேட்டுப் போட்டீங்க? எனக்கு ஒரு நாள்கூட கிளம்பணும்னு தோணலையே."

மெட்ரோப் படிக்கட்டில் நடந்த உரையாடல் அவருக்கு நினைவூட்டப்பட்டது.

"டிக்கெட் பாத்தீங்களான்னு கேட்டது, நீங்க பாட்டுக்குப் பாத்து எடுத்துடப் போறீங்களோன்னுதான்."

ஏழில் ஒன்றைச் சுழியால் பெருக்கினால் சுழி வரும். இக்கூற்று தரவு திரட்டும் காலம் முடிந்த பின் கிடைத்தது ஆதலின் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 'அப்ப உங்களுக்கு ஏழு நாள்ல எந்த நாள் தோணுச்சு?' என்று அவர் அடுத்துக் கேட்டது, இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.